பாதி வெள்ளையடித்த ஜன்னல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மணியெல்லாம் சரியாக இருக்கும். கையில் கடிகாரம் இருந்தது, பையில் நோட்டு இருந்தது, அவ்வப்போது குறித்துக்கொண்டே வந்தேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். இது பட்டப்பகலில், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போன இடத்தில், சரியாக நாலு மணி பத்து நிமிடத்துக்கு நடந்தது.

அன்றைக்கு ஒரே ஒரு சொல்லை நான் தப்பாகப் படித்துவிட்டேன். அதே சொல்லை இருபது வருடத்துக்கு முன்னால், அதே இடத்தில் நின்று, என் அம்மாவும் தப்பாகப் படித்திருந்தாள்.

அம்மாவுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அல்ல. பதினேழு வயதில் ஆற்றங்கரை நெசவு மில்லில் சேர்ந்து ஏழு வருடம் தறிகளுக்கு நடுவில் நின்றவள். ஒரே கூரைக்குக் கீழே முந்நூறு தறி ஓடினால் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காதாம். அதனால் அங்கே யாரும் குரல் கொடுத்துப் பேச மாட்டார்கள். உதட்டை அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் பார்த்துப் படித்துக்கொள்வார். தறிக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வம்பு போகும், சண்டை போகும், கல்யாணப் பேச்சுகூடப் போகும். ஒரு சத்தம் இருக்காது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுபோலத் தெரியும். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'அம்மா', 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள், புரியும். அதனால் மில்காரர்கள் கையையும் சேர்த்துக்கொள்வார்கள். அம்மா என்றால் காதுக் கம்மலைத் தொட வேண்டும். அப்பா என்றால் சட்டைப் பையை. கையைப் பார்க்காவிட்டால் ஆள் மாறிப் போகும்.

வீட்டில் அம்மாவோடு நானும் உதட்டால்தான் பேசுவேன். சின்ன வயதில் அம்மா என்னைப் பார்த்து "படி, படி" என்பாள். நான் "மடி, மடி" என்று படித்துக்கொண்டு கொடியில் கிடந்த துணியையெல்லாம் எடுத்து மடித்து வைப்பேன். "இந்த வீட்டுல அயர்ன்காரி ஒருத்தி உருவாகுறா" என்று அப்பா சிரிப்பார். ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோதும், "என்ன பண்றது, அவ அம்மா மடின்னு சொன்னா, மடிச்சுட்டா" என்றுதான் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்த வாயால்தான். டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் என் உதடு அசையும், குரல் வராது. "ஊமை ரேடியோ" என்று பெயர் வைத்தார்கள். அம்மாவைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பழக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா மட்டும் இல்லை என்பாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பாதிக் காது கேட்டதாம். வீட்டில் சத்தமாகத்தான் பேசுவாளாம். நான்தான் அழும்போதுகூட வாயை மட்டும் அசைப்பேனாம். தொண்டை டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கோளாறு இல்ல, யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டாளோ" என்று அனுப்பிவிட்டாராம்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவார். வாசல்படியில் உட்காருவார். அடுப்பு, குடை, என் செருப்பு என்று எது பழுதாகி இருந்தாலும் வாங்கி மடியில் வைத்துச் சரிசெய்வார். அம்மா ஒரு டம்ளர் டீயைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பதினொரு மணிக்குப் போய்விடுவார். "உள்ள வாங்க" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "ஏம்மா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளோடு பேச வழியே இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லை, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும் தெரிகிறது என்றாள். கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்றார். கண்ணால்தான் கேட்கிறவள். கண்ணும் போனால் அவளோடு நான் எப்படிப் பேசுவேன்?

நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. "மில்லைப் பார்க்கணும், கண்ணு போறதுக்குள்ள" என்றாள்.

பஸ்ஸில்தான் சொன்னாள். நின்றுகொண்டு வருமளவுக்குக் கூட்டம். எங்கள் குடும்பத்தின் மானம் போகிற விஷயம் மொத்தத்தையும் அத்தனை பேருக்கு நடுவில் வைத்துச் சொன்னாள். ஒருவருக்கும் ஒரு சொல் கேட்கவில்லை. முன்சீட்டுப் பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "உங்கம்மாவுக்குப் பல்வலியா?" என்று என்னிடம் கேட்டாள்.

அம்மாவுக்கு ஒரு தங்கை. என் சித்தி. ஓரிடத்தில் நிற்க மாட்டாளாம், அதனால் 'காத்தாடி' என்று பெயர். அக்காவும் தங்கையும் ஒரே நாளில் மில்லில் சேர்ந்தவர்கள். அம்மாவின் டோக்கன் நம்பர் அறுநூற்றுப் பதிமூன்று, சித்தியுடையது பதினாலு. காத்தாடி தினமும் ஷிப்டுக்குப் பிந்துவாள். அதற்காக அப்பா அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்.

"எனக்கு வாங்கித் தரல" என்றாள் அம்மா. அந்தக் குறை இருபது வருடம் கழித்தும் அவள் உதட்டில் அப்படியே இருந்தது.

எனக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஆறு பெருகி மில்லுக்குள் வந்தது. என்னையும் சேர்த்துப் பிள்ளைகளை எல்லாம் மில் தொட்டில் அறை ஆயா முன்னாடியே மேட்டு ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த நம்பிக்கையில் அம்மா எல்லோரோடும் முற்றத்தைத் தாண்டி ஓடினாள். முற்றத்துக் கடிகாரத்தில் மணி நாலு பத்து. அபாயச் சங்கு ஊதியது. நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கட்டடத்தின் மூன்றாவது மாடி ஜன்னலில் காத்தாடி நின்றுகொண்டிருந்தாள். அந்த ஜன்னல்களுக்குக் கீழ்ப்பாதி வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கும். வேலை செய்கிறவர்கள் ஆற்றை வேடிக்கை பார்க்கக் கூடாது என்று முதலாளி அடித்தது. அதனால் முகம் மட்டும் தெரிந்தது, கை தெரியவில்லை. காத்தாடி இரண்டே சொல் சொன்னாள்.

"என்ன சொன்னா?" என்றேன்.

அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு உதட்டை அசைத்தாள்.

"மாமா என்கிட்ட."

மாமா என்றால் அக்கா புருஷன். என் அப்பா.

அந்த ராத்திரி அப்பா வீட்டுக்கு வரவில்லை. பாலம் முழுகிவிட்டது, அக்கரையில் மாட்டிக்கொண்டேன் என்று மறுநாள் மத்தியானம் வந்து சொன்னார். அதற்கு முன்பே, காலையில், நான் கிடைத்திருந்தேன். மேட்டு ரோட்டில் ஆயாவிடம் நான் இல்லை. மாடியில் ஒரு கூடைக்குள் இருந்தேனாம், யாரோ ஒரு புண்ணியவான் கொண்டுபோய் வைத்திருந்தானாம். சித்தியை இரண்டு நாள் கழித்து ஆற்றின் கீழ்ப்பக்கம் எடுத்தார்கள்.

"சாகப்போற நேரத்துல அவ எதுக்கு அதைச் சொல்லணும்? உங்கப்பாகிட்ட கேட்டேன். அப்படி ஒண்ணுமே இல்லைன்னார். அதோட விட்டிருந்தா நம்பியிருப்பேன். அவ செத்த நேரத்தைப் பத்தி ஒரு பொய் சொன்னார். பச்சைப் பொய். அதுலதான் எனக்கு எல்லாம் ஊர்ஜிதமாச்சு."

என்ன பொய் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டினாள்.

"அந்த இடத்துல இன்னொரு தடவை நிக்கணும். அவ சொன்னது நிஜமா, இல்ல நான் பார்த்தது தப்பா. அது தெரியாம என்னால இருக்க முடியாது. தப்புன்னா... அந்த மனுஷனை இருபது வருஷம் வாசல்ல உக்கார வச்சிருக்கேன்."

மணி 1.50. இறங்கினோம்.

மில் மூடிப் பல வருடம் ஆகிறது, இப்போது அது மியூசியம். ஆறு பழுப்பாக, சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் காபிக் கடையும் துணிக்கடையும் வந்திருந்தன. ஆட்கள் ஐந்து மாடிச் செங்கல் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் ஜன்னலில் அம்மா முந்தானையிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்து நீட்டினாள். டிக்கெட்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இங்க செல்லாதும்மா."

"ஏழு வருஷம் செல்லுச்சே" என்றாள் அம்மா. குரல் கரகரவென்று வெளியே வந்தது. அவளுக்கே அது கேட்டிருக்காது.

3.30க்குப் பழைய தறிக்கூடத்தில் தறி ஓட்டிக் காட்டுகிறார்கள் என்றார்கள். முந்நூறில் ஆறு தறிதான் மிச்சம். எண்ணெய்க் கிண்ணியோடு குனிந்திருந்த ஒரு பெரியவர் அம்மாவைப் பார்த்ததும் நிமிர்ந்தார். சத்தமில்லாமல், உதட்டால் மட்டும் கூப்பிட்டார்.

"பதிமூணு!"

அம்மாவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் அந்தக் காலத்துத் தறிகளுக்கு எண்ணெய் போட்டவர். இப்போது மியூசியத்துக்கும் அதே வேலை.

"அண்ணே, நீங்க இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?"

"தினம் எண்ணெய் போட்டுக்கறேன், ஓடுது" என்றார். என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்கவே இல்லை. "இது... அந்தக் கூடைக் குழந்தையா?"

"ஆமாண்ணே."

"வீட்டுக்காரர் வரலையா?"

அம்மா சட்டைப் பை இருக்கும் இடத்தைத் தொட்டாள். பிறகு கையை மேலே காட்டினாள்.

அவர் எண்ணெய்க் கிண்ணியைக் கீழே வைத்தார். "நல்ல மனுஷன். அவர்கிட்ட அன்னைக்கே நான்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. மணியடித்து விசையைத் தள்ளினார்.

ஆறு தறி ஓடியதற்கே தரை அதிர்ந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திடீரென்று பின்னால் திரும்பினாள். "இரு, வர்றேன்" என்று உதடு அசைந்தது.

பின்னால் யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது.

"யார்கிட்டம்மா சொல்ற?"

"யாரோ தோளைத் தட்டினாங்க." அம்மா தோளைத் தடவிக்கொண்டாள். மில்லில் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத்தான் தட்டுவார்கள், ஆளுக்கு ஆள் தட்டு வேறு. "ரெண்டு சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு. அவ தட்டுற மாதிரியே..."

மணி 3.41. எழுதிவைத்தேன். அம்மாவின் தலைமுடியில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். பஞ்சு. ஈரமாக இருந்தது. அந்தக் கூடத்தில் பஞ்சே கிடையாது, ஆறு தறியிலும் நைலான் நூல்தான் மாட்டியிருந்தார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை.

4.02க்கு முற்றத்துக்கு வந்தோம். வண்டிகளை எடைபோடும் இரும்பு மேடை இன்னும் இருந்தது. அம்மா அதன் மேல் ஏறி, காலால் தடவித் தடவி ஓர் இடத்தில் நின்றாள். "இங்கதான்." எதிரே பெரிய கட்டடம். மூன்றாவது மாடிக்குப் பார்வையாளர்களை விடுவதில்லை, படிக்கட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஏழு ஜன்னல்கள். ஏழிலும் கீழ்ப்பாதி வெள்ளை.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். கசக்கினாள். மறுபடி பார்த்தாள்.

"அவ்வளவு உயரம் தெரியலடி" என்றாள். வந்ததே இதற்காகத்தான். "வெளிச்சமாத் தெரியுது, அவ்வளவுதான். நீ பாரு. எனக்காகப் பாரு."

பார்த்தேன். ஏழு ஜன்னலும் காலி. கண்ணாடியில் மேகம் தெரிந்தது. சும்மா நிற்கிறோம், அம்மா மனம் ஆறட்டும், 5.40 பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அம்மா என் கையை இறுக்கினாள்.

"சங்கு ஊதுது."

நான் காதைத் தீட்டினேன். ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு சிறுவனின் சிரிப்பு. ஆற்றின் சலசலப்பு. அவ்வளவுதான்.

"ஊதுதுடி... எப்படி ஊதுது பாரு..." அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

காது கேட்காதவள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 4.10.

நிமிர்ந்தேன்.

வலப்பக்கமிருந்து ஐந்தாவது ஜன்னலில்... ஒரு முகம்.

இளம் முகம். என்னைவிடச் சின்னவளாக இருக்கலாம். முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. ஜன்னலின் வெள்ளைப் பெயிண்டுக்கு மேலே முகம் மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் மூக்கு. அம்மாவின் புருவம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

உதடு அசைந்தது.

நான் படித்தேன்.

மாமா என்கிட்ட.

பயந்துபோனேன். பயம் மட்டும் இல்லை. அப்பா... ஞாயிற்றுக்கிழமை வாசல்படியில் உட்கார்ந்து என் செருப்புக்கு வார் தைத்த அப்பா...

"யாராவது தெரியுதா?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லம்மா."

அம்மா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். என் உதட்டையே பார்த்தாள்.

"உன் வாய் பொய் சொல்லுது."

நான் மறுபடி மேலே பார்த்தேன். போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பார்த்தேன்.

போகவில்லை.

இந்தத் தடவை அவள் என்னைப் பார்த்தாள்.

மெதுவாகச் சொன்னாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. முதல் எழுத்து... உதடு மூடித் திறந்தது. இரண்டாவது எழுத்து... உதடு மூடியது. மூடியே இருந்தது. அழுத்தி மூடியிருந்தது. பிறகுதான் திறந்தது.

மாமா என்றால் அவ்வளவு அழுத்த வேண்டியதில்லையே...

அவள் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று. கண்ணில் நீர் நின்றது. பிறகு எதன் மேலோ ஏறியதுபோல் உயர்ந்தாள்.

வெள்ளைப் பெயிண்டுக்கு மேலே தோள் வந்தது.

கை வந்தது.

இடது கையை மடித்து, வலது கையை அதன் கீழே கொடுத்து... ஆட்டினாள்.

தொட்டில்.

மில்லில் மாமா என்றால் மீசையை முறுக்க வேண்டும். கையைத் தொட்டிலாக்கி ஆட்டினால் அது மாமா இல்லை.

பாப்பா.

பாப்பா என்கிட்ட.

அவள் கை காலியாக இருந்தது. காலிக் கையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்...

அந்தப் பாப்பா நான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மேகம் நகர்ந்து ஜன்னலில் வெயில் அடித்தது. கண் கூசியது. மறுபடி பார்த்தபோது கண்ணாடி காலியாக இருந்தது. மணி 4.13.

அம்மாவின் குழாய்ப் பார்வைக்குள் வரும்படி என் கைகளை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு சொல்லைச் சொன்னேன். கையை ஆட்டினேன்.

அம்மா என் உதட்டைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடி உதட்டை. அவள் முகத்தில் ஒவ்வொன்றாக என்னென்னவோ உடைந்தன. எடைமேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து அழுதாள், சத்தமாக. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மாவின் முழுக்குரலை என் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன்.

"உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை..." என்றாள். "ஒரு வார்த்தை சொல்லலையே நான்..."

எண்ணெய்க்காரர் ஓடி வந்தார். யாரும் நெருங்காதபடி நின்றுகொண்டு, அம்மாவைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனார். பழைய நினைவு என்று நினைத்திருப்பார். நாங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

4.50. தண்ணீர் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "பதிமூணு, உன் தங்கச்சியோட பொருள் ஒண்ணு இங்க இருக்கு, பார்க்கறியா? உங்க வீட்டுலேர்ந்து யாரும் வாங்க வரல, ஆபீஸ்லயே கிடந்துச்சு" என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை டோக்கன். 614. பக்கத்தில் ஒரு பெண்கள் கைக்கடிகாரம். அப்பா வாங்கிக் கொடுத்தது. கண்ணாடிக்குள் சேறு காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. முள் நின்றிருந்தது.

3.47.

நான் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தேன். 4.10.

"ஐயா, இது எப்போ நின்னுருக்கும்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் உதட்டைப் படித்துக்கொண்டார்.

"எப்போன்னு கேக்கறியா? நான்தானே பார்த்தேன். மூணே முக்காலுக்குத் தண்ணி ஆத்துப் பக்கத்துக் கீழ் கேட்டை உடைச்சுது. தொட்டில் ரூம்ல ஒரு குழந்தை விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சு காத்தாடி இறங்கி ஓடினா. பாதி வழிகூடப் போகல. என் கண்ணு முன்னால தண்ணி இழுத்துட்டுப் போச்சு. கையை நீட்டினேன். விரல் பட்டுது. அவ்வளவுதான்." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "உங்கப்பாகிட்ட மறுநாளே சொன்னேன். உங்கம்மாகிட்ட சொல்லுங்கன்னு."

அம்மா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரே, குழாய் வழியாக.

"சொன்னார்" என்றாள் மெதுவாக. "மூணே முக்காலுக்கே போயிட்டான்னு சொன்னார். நாலு பத்துக்கு நான் பார்த்தேனே, பொய் சொல்றீங்களேன்னு கதவைச் சாத்தினேன்."

அவருக்குப் புரியவில்லை. யாரும் விளக்கவில்லை.

5.30க்கு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். போகிற வழியில் நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஐந்தாவது ஜன்னலில் யாரும் இல்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். 'சித்தி' என்கிற சொல் உதட்டில் தெரியாது, பல்லுக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் என்னைத் தொட்டுக் காட்டி, கையைத் தொட்டிலாக்கி ஆட்டினேன். பாப்பா நல்லா இருக்கா, பாப்பா இங்கதான் இருக்கா என்று. பக்கத்தில் பார்த்தால் அம்மாவும் ஆட்டிக்கொண்டிருந்தாள், எந்த ஜன்னல் என்று தெரியாமல் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவரிடம் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"அப்போ என்னை மாடிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"அதுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியலம்மா. காலையில ஆறு பத்துக்குப் படகுல போய் நான்தான் ஏறினேன். மூணாவது மாடியில ஈ காக்கா இல்ல. அஞ்சாவது ஜன்னலுக்குக் கீழ, நூல் சுத்துற பாபின் கட்டையெல்லாம் போடுற கூடையில நீ படுத்திருந்த. உடம்புல ஒரு சொட்டு ஈரம் இல்ல. சுத்திலும் தரையெல்லாம் ஈரம்." கையை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். "கூடை ஆடிக்கிட்டே இருந்துச்சு. நான் கிட்ட போனதும் நின்னுது."

பஸ் வந்து நின்றது. அம்மாவை ஏற்றினேன்.

"அழுதேனா?" என்றேன் படியில் நின்று.

"இல்லையே. அதுதான் எனக்கு அதிசயம். நீ கண்ணை எடுக்காம ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்த. சிரிச்சுக்கிட்டு... யாரோ சொல்றதைத் திருப்பிச் சொல்ற மாதிரி, வாயை அசைச்சுக்கிட்டே இருந்த. ஒரு சத்தம் இல்ல."

மணி 5.42. பஸ் கிளம்பியது.

டார்ச் அடித்துப் பார்த்த டாக்டருக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். எனக்கு முதன்முதலில் பேசக் கற்றுக்கொடுத்தவளுக்கு, அந்த ராத்திரி, குரல் இருக்கவில்லை.